எங்களுக்கு ஓட்டு இல்லாத தேர்தல்

என் மனைவிக்கு டெக்சாஸில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் நாங்கள் அப்போது குடியிருந்த பிஸ்கட்டவேயில் எங்கள் கீழ்வீட்டு ஆன்டிக்கு ஏக சந்தோஷம். "ஹூஸ்டனா, டாலஸா?" என்று கேட்டார். நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். போனை எடுத்து மேப்பில் தேடினார். கண்டுபிடித்ததும் இரண்டு விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார்.

"சுத்தி ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார்.

"அதனாலதான் ஆன்டி எனக்கு வேலையே குடுத்திருக்காங்க" என்றாள் என் மனைவி.

அவள் உண்மையைத்தான் சொன்னாள். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, குடும்ப மருத்துவத்தில் பயிற்சி எடுக்க அமெரிக்காவுக்கு வந்தவள் அவள். வந்தது ஜே-1 விசாவில். அந்த விசாவில் வரும் டாக்டர்கள் பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஒரு விலக்கு உண்டு. மற்ற டாக்டர்கள் போகத் தயங்கும் ஊர் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், திரும்பிப் போக வேண்டியதில்லை. டாக்டர்கள் இதை 'வெய்வர் ஜாப்' என்பார்கள். நடுவில் விட்டுவிட்டுக் கிளம்பினால் பழைய சட்டம் மறுபடி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

எனக்கும் இதில் ஒரு கணக்கு இருந்தது. அவள் ஜே-1இல் இருந்தவரை, அவள் கணவன் என்ற முறையில் எனக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்காக அவள் எச்-1பி விசாவுக்கு மாறினால் நான் எச்-4. எச்-4 என்றால் வீட்டில் இருக்கலாம், கார் ஓட்டலாம், சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது.

"மூணு வருஷம் நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று அவள் கேட்டாள். கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருக்கறதே சுகம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே" என்றேன்.

"அவங்க யாரும் எச்-4ல இருந்தவங்க இல்ல" என்றாள்.

கோடையின் நடுவில் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மேற்கு டெக்சாஸின் பருத்தி நிலம். தட்டையென்றால் அப்படி ஒரு தட்டை. தண்ணீர்த் தொட்டியும் பருத்தி அரவை ஆலையும் தவிர உயரமாக நிற்பது எதுவும் இல்லை. காற்று நாள் முழுக்க ஒரே பக்கமிருந்து அடிக்கும். ஒரு மளிகைக் கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒன்பது சர்ச், ஒரு ஸ்கூல். ஸ்கூலைவிடப் பெரியது அதன் ஃபுட்பால் மைதானம். ஊர்க் கோடியில் ஒற்றை மாடிச் செங்கல் கட்டடம். அதுதான் ஆஸ்பத்திரி. அதையொட்டியே கிளினிக். பகலில் கிளினிக்கைப் பார்க்க வேண்டும். முறை வரும்போது எமர்ஜென்சியையும் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்ததும் ஒருநாள் அவள் சொன்னாள்: "எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. வயித்து வலின்னு வந்தவர்கூட வலியைச் சொல்றதுக்கு முன்னாடி, எத்தனை நாள் இருப்பீங்க டாக்டர்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"முதல்ல சட்டையைத் தூக்குங்கன்னேன்."

அவளுக்கு முன்னால் அந்த ஊரில் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு டாக்டரும், நைஜீரியாவிலிருந்து ஒரு டாக்டரும், ஹைதராபாத்திலிருந்து ஒரு தம்பதியும் இருந்திருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள் என்றுதான் ஊரில் சொன்னார்கள். எல்லாரும் மூன்று வருடம் முடிந்த கையோடு டாலஸுக்கோ ஆஸ்டினுக்கோ போய்விட்டார்கள். எங்கள் விசா தற்காலிகம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஊருக்கோ எங்களைப் போன்றவர்களே தற்காலிகம். மழைக்கு ஒதுங்க வந்தவர்களிடம் பேசுவதுபோல அன்பாகப் பேசுவார்கள், ஆனால் உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட மாட்டார்கள்.

என் கதை இன்னும் விசித்திரம். அங்கே ஆண்கள் அறிமுகமானதும் கேட்பது, என்ன வேலை என்று. "இப்போதைக்கு ஒன்றும் இல்லை" என்பேன். சிலர் என்னைப் பணக்காரன் என்று நினைத்தார்கள். சிலர் உடம்புக்கு முடியாதவன் என்று நினைத்து மெதுவாகப் பேசினார்கள். காலையில் மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்தால் மதியம்வரை வீட்டில் காற்றின் சத்தம்தான். ஆறு வயதுக் குழந்தையின் டிபன் பாக்ஸுக்கு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் யோசிக்க முடியும்?

ஆஸ்திரேலியாவில் இருந்த என் சித்தப்பா மகனுக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. அவன் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். பெரிய நகரங்களில் குடியிருக்கக் கூடாது, வெளிப்பகுதிகளில்தான் இருந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு ஐந்து வருடத் தற்காலிக விசா கொடுத்திருந்தார்கள். மூன்று வருடம் ஒழுங்காக இருந்து காட்டினால் நிரந்தரம் கேட்கலாம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏதோ ஒரு ஊரில் இருந்தான்.

"அண்ணா, இங்க கார் ஓட்டும்போது கங்காரு குறுக்க வருது" என்பான்.

"இங்க மான் வருதுடா."

"நமக்கு வேலை கிடைக்கற ஊர்லதான் ஆளே இருக்காது போல."

"ஆள் இருந்தா நம்மள எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

போனில் இருவரும் சிரிப்போம். அவனிடம் பேசிய நாட்களில் என் மனசு கொஞ்சம் லேசாக இருக்கும்.

இலையுதிர் காலத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது, சம்பளமில்லாத வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஸ்கூல் ஃபுட்பால் ஆட்டம் நடக்கும்போது பெற்றோர் சங்கம் மைதானத்தில் தின்பண்டக் கடை போடும். அங்கே ஆள் குறைகிறது என்று மகளின் டீச்சர் கூப்பிட்டார். எதற்கும் எங்கள் வக்கீலிடம் போனில் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "பணம் வாங்காதீர்கள். டி-ஷர்ட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். இரண்டாவது வாரமே டி-ஷர்ட் கொடுத்துவிட்டார்கள். அசைவம் தொடாத நான், சோளச் சிப்ஸின் மேல் மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றிச் சீஸ் தூவி ஊர் முழுவதற்கும் கொடுத்தேன். ருசி பார்க்காமலேயே உப்பு சரியா என்று மணத்தில் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்தக் கடையில் என்னோடு நின்றவர்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீடு என்றாலும் நடுவில் ஒரு வயல் இருந்தது. பருத்தி விவசாயி, என் வயதுதான் இருக்கும். அவருடைய மகன் என் மகளின் வகுப்பு. பையனுக்கு ஆஸ்துமா. அறுவடைக் காலத்தில் ஊரே பஞ்சும் புழுதியுமாக இருக்கும். பையன் மூச்சுத் திணறுவான். அந்த அக்டோபரில் ஒரு மத்தியானம் அவனுக்கு மிகவும் மோசமாகிவிட்டது. அவர் தன் டிரக்கிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எமர்ஜென்சியில் அன்று என் மனைவியின் முறை. உதடு நீலம் பூத்து வந்த பையனை அவளும் இரண்டு நர்ஸுகளும் சேர்ந்து மூச்சு விட வைத்தார்கள். ஹெலிகாப்டர் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்வரை அவள் அவன் தலைமாட்டிலேயே நின்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலில் காற்று உருட்டிக் கொண்டுவந்து குவிக்கும் காய்ந்த முட்செடிகளைக் கேட்காமலேயே அள்ளிப் போவார். நான் நன்றி சொன்னால், "இந்தக் காற்றில் ஏன் நிற்கிறாய், உள்ளே போ" என்பதுபோலக் கையை ஆட்டுவார்.

இரண்டாவது வருடத்தின் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகி எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பல வருடமாகவே நஷ்டம். இனிமேல் சமாளிக்க முடியாது. ஒரே வழி, அந்த வட்டாரத்து மக்கள் தங்கள் நிலத்தின்மேல் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வரி போட்டுக்கொள்ள ஓட்டுப் போட வேண்டும். ஒப்புக்கொண்டால் ஆஸ்பத்திரி நிற்கும். இல்லையென்றால் மூடுவார்கள்.

அன்று மாலை அவள் சமையலறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று இதைச் சொன்னாள். நான் குக்கரை அணைத்தேன்.

"மூடினா நம்ம வெய்வர் என்ன ஆகும்?"

"இதே மாதிரி வேற ஒரு ஊர் தேடணும். சீக்கிரமா தேடணும். கிடைக்கலைன்னா ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

"அவங்க ஓட்டுப் போட்டு நாம இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணப் போறாங்களா?"

"நம்மளப் பத்தி இல்ல. அவங்க ஆஸ்பத்திரியைப் பத்தி" என்றாள். அவள் சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்றிலிருந்து மளிகைக் கடையில் யாரைப் பார்த்தாலும், இவர் எந்தப் பக்கம் போடுவார் என்று என் மனசு கேட்க ஆரம்பித்துவிட்டது. தக்காளி எடுக்கும் கையைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பதுபோல உற்றுப் பார்ப்பேன்.

வீட்டு வாசல்களில் அட்டைகள் முளைத்தன. சிலதில் 'நம் ஆஸ்பத்திரியைக் காப்போம்.' சிலதில் 'புது வரி வேண்டாம்.' வரியை வெறுக்கிற ஊர் அது. அதற்கு மேல் தொடர்ந்து மழையில்லாத வருடங்கள். பருத்தி முழங்கால் உயரத்துக்குக்கூட வராமல் கருகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டு வாசலில் எந்த அட்டையும் இல்லை. நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஒருநாள் சிட்டிக்குப் போய் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு வேறு வழியாகத் திரும்பினோம். அவர் நிலத்தின் அந்தக் கோடி, ஹைவேயைத் தொடும் இடத்தில், வேலியில் ஓர் அட்டை கட்டியிருந்தது. 'புது வரி வேண்டாம்.'

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"நம்ம வீட்டுலேர்ந்து பாத்தா தெரியாத இடமாப் பாத்து வெச்சிருக்கார்" என்றாள் அவள்.

"அது என்ன பெரிய மரியாதையா?"

"ஆமா, மரியாதைதான்" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தேர்தலுக்கு முன்னால் ஸ்கூலின் உள்விளையாட்டுக் கூடமான ஜிம்மில் ஊர்க் கூட்டம் வைத்தார்கள். டாக்டர் பேசினால் நன்றாக இருக்கும் என்று நிர்வாகி கேட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் ஓட்டுப் போடுங்கள் என்று அவள் சொல்லக் கூடாது, மருத்துவத்தை மட்டும் பேசலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஜிம் நிறைந்துவிட்டது. மரப்படிகளில் தொப்பி போட்ட ஆண்களும், குழந்தைகளை மடியில் வைத்த பெண்களும். நான் மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் சுருக்கமாகப் பேசினாள். மாரடைப்பு வந்தால், பக்கவாதம் வந்தால், குழந்தைக்கு மூச்சு நின்றால் எவ்வளவு நேரத்துக்குள் என்ன செய்ய வேண்டும், அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகும், இரண்டையும் சொன்னாள். மிகையாக ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். பிறகு நடுவரிசையில் ஒரு வயதானவர் எழுந்தார். குரலில் கோபம் இல்லை.

"டாக்டர், உங்கள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் இந்த வரியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டால், உங்கள் மூன்று வருடம் முடிந்தபிறகும் நீங்கள் இருப்பீர்களா?"

எங்கோ ஒரு குழந்தை ஷூவால் பலகையை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இருப்பேன் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"தெரியவில்லை" என்றாள். "இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இப்போது உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்வேன். அதற்கு மட்டும்தான் வாக்குக் கொடுக்க முடியும்."

வயதானவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன் இருப்பேன்னு சொல்லல?"

"பொய் சொல்லி ஓட்டு வாங்கச் சொல்றீங்களா?"

"அது பொய்யா?"

அவள் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அதுவும் தெரியல" என்றாள்.

பின்சீட்டிலிருந்து மகள், "அம்மா, ஆர் வி மூவிங்?" என்றாள். நான் காரைக் கிளப்பினேன்.

ஓட்டுப்பதிவு ஒரு சனிக்கிழமை நடந்தது. நாங்கள் வீட்டில் துணி துவைத்தோம். சாயங்காலம் நிர்வாகி போன் பண்ணினார். வரி தோற்றுவிட்டது. பெரிய வித்தியாசம் இல்லை. ஜிம்மில் இரண்டு வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடிய அளவு பேர்தான். அவள் போனை வைத்துவிட்டு மடிக்க வேண்டிய துணிகளை மடித்து முடித்தாள். திங்கட்கிழமை வழக்கம்போல கிளினிக்குக் கிளம்பினாள். அவள் நடையில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் எவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த வாரம் ஃபுட்பால் கடைக்குக்கூடப் போகவில்லை.

ஆஸ்பத்திரியை மூடும் தேதி முடிவானதும் தேடல் ஆரம்பமானது. வேலை கொடுப்பவரே மூடிவிட்டால், அதே போன்ற இன்னோர் இடத்துக்கு மாறிக்கொண்டு மீதி வருடங்களை முடிக்கலாம் என்று சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வேலை போன பின் கிடைக்கும் அவகாசம் இரண்டு மாதம்தான். எனக்கு வேறு வேலை இல்லாததால் அதுவே என் வேலையானது. டாக்டர் இல்லாத ஊர்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. கூப்பிட்ட இடங்களில் பலர் ஆள் வேண்டும் என்றார்கள். விசா என்றதும் பிறகு பேசுவோம் என்றார்கள். கடைசியில் தெற்கே இரண்டரை மணி நேரத் தூரத்தில் ஒரு கிளினிக், இவளிடம் போனில் பேசிப் பார்த்த அன்றே சரி என்றது. வக்கீல் மனுவைப் போட்டார். அனுமதி வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. வந்த அன்று அவள் அழுதாள். ஓட்டெடுப்பில் தோற்ற அன்று வராத அழுகை அது.

வீடு காலி பண்ணும் நாள் வந்தது. சாமான்களை ஏற்ற லாரி சொல்லியிருந்தோம்; வரவில்லை. என்ன செய்வது என்று வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் நீளமான டிரெய்லரை டிரக்கில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். இறங்கி வந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை நான் தூக்கினேன். மத்தியானம்வரை ஏற்றினோம். கடைசியில் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே சொல்கிறேன்."

"தெரியும். உங்கள் அட்டையைப் பார்த்தோம்."

அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என் அப்பா விட்டுப்போன நிலம். இன்னொரு வரி வந்தால் இந்த வருடம் அதில் ஒரு பகுதியை விற்க வேண்டியிருக்கும். உங்களுக்கு எதிராக நான் ஓட்டுப் போடவில்லை."

எனக்குத் தொண்டைவரை வார்த்தை வந்தது: உங்கள் பையனுக்கு மூச்சு நின்றபோது இந்தக் கட்டடம்தானே இருந்தது? நான் கேட்கவில்லை. அவருடைய கண்களைப் பார்த்தபோது, அந்தக் கேள்வியை அவர் என்னைவிட அதிகம் தடவை தன்னிடம் கேட்டிருப்பார் என்று தோன்றியது. இரண்டரை மணி நேரம் எங்களுக்கு முன்னால் டிரெய்லரை ஓட்டிக்கொண்டு வந்து, புது வீட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் மனைவியிடம் பொருமினேன். "எப்படி இப்படி ரெண்டும் பண்ண முடியுது ஒரு ஆளால?"

"அவர் பையனுக்கு நான் டாக்டர். அவர் எப்படி ஓட்டுப் போடணும்னு சொல்லிக்குடுக்க நான் வரல" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "நமக்கு நிலம் இல்ல. அதனால நமக்கு இது ஈஸியாத் தெரியுது" என்றாள்.

நானும் நிலம் இல்லாதவன்தான். ஆனால் விசா இருந்தது. ஒரு காகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஊர் ஊராகப் போன் பண்ணியவன் நான். தனக்குள்ளதைக் கையைவிட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இப்படி நினைக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின.

புது ஊர் கொஞ்சம் பெரியது. மெக்சிகோக்காரர்கள் நிறைய, மிளகாய் தாராளமாகக் கிடைத்தது. வசந்தத்தில் ஒருநாள் மகளை ஸ்கூலிலிருந்து அழைத்துக்கொண்டு கிளினிக் வழியாக வந்தபோது, பார்க்கிங்கில் பழைய பக்கத்து வீட்டுக்காரரின் டிரக் நின்றது. அவர் வெளியே சாய்ந்து நின்றிருந்தார். பையனும் அம்மாவும் உள்ளே இருந்தார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் வேறு டாக்டர் இருக்கிறாரே என்று கேட்டேன்.

"இருக்கிறார். பையன் உன் மனைவியைத்தான் கேட்கிறான்" என்றார். பிறகு ஊர் நிலவரம் சொன்னார். நர்ஸுகளில் இரண்டு பேர் வேறு ஊர் போய்விட்டார்கள். மருந்துக் கடை பாதி நேரம்தான் திறக்கிறது. ஆஸ்பத்திரி இருந்த தெருவில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன.

"மறுபடி ஓட்டு வந்தால்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், வாய் முந்திக்கொண்டது.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "மழை பெய்ததா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. என் மகளும், உள்ளேயிருந்து வந்துவிட்ட அவர் மகனும் அதற்குள் பார்க்கிங்கின் மஞ்சள் கோட்டின்மேல் ஓட ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்று வருடக் கடமை அந்தப் புது ஊரில் முடிந்தது. அன்றைக்கு ஒரு கேக்குகூட வெட்டவில்லை. அவளுக்குக் கிளினிக்கில் கூட்டம். விஷயம் தெரிந்ததும் கலிபோர்னியாவில் டப்ளினில் இருக்கும் என் நண்பன் விடாமல் கூப்பிட்டான். "இன்னும் அங்க என்னடா பண்றீங்க? ஜெயில்லேர்ந்து ரிலீஸ் ஆயிட்டீங்க. இங்க வந்துடுங்க. நடந்து போற தூரத்துல மூணு இந்தியன் ஸ்டோர்." ஒரு வாரம் போய் இருந்தோம். தோசை சாப்பிட்டோம். தமிழ்ப் பள்ளியைப் பார்த்தோம். எல்லாம் நன்றாக இருந்தது. அவளுக்கு அங்கே ஒரு வேலையும் வந்தது.

திரும்பி வரும் விமானத்தில் கேட்டேன். "போலாமா?"

"உங்களுக்குப் போணுமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். டெக்சாஸின் வெறும் நிலம் கீழே ஆரம்பித்திருந்தது. டாக்டர்கள் இப்படிப்பட்ட ஊர்களில் மொத்தம் ஐந்து வருடம் வேலை செய்தால் கிரீன் கார்டுக்குத் தனி வழி உண்டு. அதற்கு மனு போட்டு, அது ஏற்கப்பட்டு, அதன் பேரில் எனக்கும் வேலை செய்ய அனுமதி வந்திருந்தது. வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கத் தொடங்கியிருந்தேன். அதனால் இருந்தோம் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் பொய்.

"இப்ப வேணாம்" என்றேன்.

"சரி, இப்ப வேணாம்" என்றாள். எங்கள் முடிவு அவ்வளவுதான். அதில் தியாகம் எதுவும் இல்லை. இங்கேயே இருந்துவிட்டோம் என்று சொல்வதைவிட, இன்னும் போகவில்லை என்று சொல்வதுதான் எங்களுக்குப் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் என் தம்பிக்கு நிரந்தர விசா வந்ததும் அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டான். அவன் முடிவும் தப்பில்லை. திராட்சைத் தோட்டத்து ஊரைப் பற்றி இப்போதும் போனில் பேசுகிறான். முதல் வருடம் திட்டியதையெல்லாம் மறந்துவிட்டான்.

சென்ற இலையுதிர் காலத்தில் அந்தப் பழைய ஊரிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. மூடிக் கிடக்கும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் முன்பகுதியை மட்டும் சர்ச்சுக்காரர்கள் சேர்ந்து பழுது பார்த்திருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை அங்கே ஒரு டாக்டர் உட்கார முடியுமா என்று எங்கள் கிளினிக்கைக் கேட்டார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். வக்கீல் அதற்கும் ஒரு மனு போட்டார்.

முதல் வியாழக்கிழமை நான்தான் காரோட்டினேன். எமர்ஜென்சி இருந்த பக்கம் பலகை அடித்து அடைத்திருந்தது. முன்னறையில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாங்கள் போவதற்கு முன்பே ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்; அன்று ஜிம்மில் கேள்வி கேட்ட வயதானவரும் ஆக்ஸிஜன் குழாயோடு இருந்தார். அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனாள். நான் வெளியே காரில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். தெரிந்தவர்கள் கண்ணாடியைத் தட்டிக் குசலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

முடிய நேரமாகிவிட்டது. திரும்பும் வழியில், "பசிக்குது, எங்கயாவது நிறுத்துங்க" என்றாள். ஹைவே ஓரத்தில் கான்கிரீட் மேஜை ஒன்று இருந்தது. எலுமிச்சை சாதத்தைத் திறந்தோம். காற்று மூடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பருத்தி வயலுக்குள் போட்டது. அவள் வெள்ளைக் கோட்டோடு வேலிக்குள் குனிந்து நுழைந்து அதை எடுக்கப் போனாள். நான் சாதம் பறக்காமல் இரண்டு கையாலும் டப்பாவை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.